கேரர் வேலையும் கிளையன்ட் தரும் பரிசும்: இங்கிலாந்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2022 பிப்ரவரியில், வயதானவர்களையும் நோயாளிகளையும் பார்த்துக்கொள்ளும் கேர் வொர்க்கர் (கேரர்) வேலைக்கு பிரிட்டன் விசா கதவைத் திறந்தது. 2025 ஜூலை 22-இல் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தியது. இடைப்பட்ட காலத்தில் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்து சேர்ந்தவர்கள் பலர். ஹோய்ஸ்ட் என்ற தூக்கும் கருவியில் ஆளைத் தூக்குவது, மருந்துச் சார்ட்டில் கையெழுத்திடுவது எல்லாவற்றுக்கும் டிரெய்னிங் உண்டு. வாசலில் நிற்கும்போது, நாம் பார்த்துக்கொள்ளும் கிளையன்ட்டான ஒரு பாட்டி கைக்குள் 20 பவுண்டைத் திணித்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் ஒரே வரிதான்: "வாங்காதே."

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியாது. கொடுப்பதை மறுத்தால் கொடுத்தவர் மனசு நோகும் என்று சொல்லித்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று நினைக்கும் வெள்ளைக்காரப் பாட்டிகளும் இங்கே ஏராளம். "வாங்காதே" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போன கேரர், முதல் தடவை முகத்தில் அடித்தாற்போல மறுத்துவிடுகிறார், இரண்டாம் தடவை சங்கடப்பட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார், யாரிடமும் சொல்வதில்லை. பிரச்சினை அந்த இரண்டாம் தடவையில் ஆரம்பிக்கிறது. இந்த வேலையில் பார்த்தவரை என் எண்ணம் இது: ஒரு டப்பா சாக்லேட்டால் வேலை இழந்தவர் அபூர்வம், அதைச் சொல்லாமல் மறைத்ததால் மாட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம். அதனால் கீழே உள்ள படிகளில் எதை மறந்தாலும் எழுதி வைக்கும் படியை மறக்க வேண்டாம்.

படி 1: கம்பெனியின் பாலிசியை முதலில் படியுங்கள்

இத்தனை பவுண்டு வரை வாங்கலாம் என்று இங்கிலாந்தில் கேரர்களுக்கென ஒரு சட்டம் கிடையாது. நடத்தை நெறிதான் இருக்கிறது. ஸ்கில்ஸ் ஃபார் கேர், ஸ்கில்ஸ் ஃபார் ஹெல்த் என்ற இரண்டு அமைப்புகளும் 2013-இல் வெளியிட்ட நெறி, நீங்கள் பார்த்துக்கொள்பவரிடமிருந்தோ அவருக்கு நெருக்கமானவர்களிடமிருந்தோ உங்கள் நிலைக்குப் பங்கம் வரக்கூடிய கடன், பரிசு, சலுகை, விருந்து எதையும் ஏற்கக்கூடாது என்கிறது. எது பங்கம், எது இல்லை என்று அது அளந்து சொல்லவில்லை. அதை உங்கள் கம்பெனி பாலிசி சொல்லும். சில ஏஜென்சிகள் பெட்டி சாக்லேட் வரை சரி என்கின்றன, சில பிஸ்கட்டைக்கூட ஆபீஸுக்குக் கொண்டுவரச் சொல்கின்றன, சில அடியோடு தடை செய்கின்றன.

"50 பவுண்டு வரை வாங்கலாமாம்" என்று வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பேச்சு சுற்றுகிறது. அது அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் ஊழியர்களுக்கு 2017-இல் வந்த வழிகாட்டுதல். அதன்படி நோயாளியோ குடும்பமோ தரும் பணத்தையும் வவுச்சரையும் எப்போதும் மறுக்க வேண்டும். 50 பவுண்டுக்குக் குறைந்த பொருளை வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் நிறுவனத்தின் பெயரில் மட்டுமே ஏற்கலாம். ஒரே ஆள் 12 மாதத்தில் கொடுத்த சின்னச் சின்னப் பரிசுகளையும் கூட்டிப் பார்க்க வேண்டும். தனியார் ஏஜென்சிக்காக வீடு வீடாகப் போகும் கேரரை இந்த எண் காப்பாற்றாது.

ஊரில் நர்ஸாக இருந்துவிட்டு இங்கே கேரராக வேலை பார்த்தபடி நர்ஸ்களைப் பதிவுசெய்யும் அமைப்பான என்எம்சியில் பதிவுக்குத் தயாராகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் நெறி 21-ஆம் பிரிவில், மிக அற்பமானதைத் தவிர எல்லாப் பரிசையும் மறுக்கச் சொல்கிறது. நோயாளியிடமோ அவருக்கு நெருக்கமானவரிடமோ கடன் கேட்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றிலும் கேரர்களுக்கென்று தனிப் பதிவேடும் தனி நெறியும் உண்டு. அங்கே இருப்பவர்கள் அதைப் பார்த்துக்கொள்ளவும்.

பாலிசியில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: அளவு என்ன, யாரிடம் சொல்வது, பரிசுப் பதிவேடு எங்கே. கிடைக்கவில்லை என்றால் மேனேஜருக்கு ஈமெயிலில் கேளுங்கள். வாயால் கேட்டு வாயால் வந்த பதிலுக்குப் பின்னாளில் சாட்சி இருக்காது.

படி 2: எதெல்லாம் பரிசு என்று தெரிந்துகொள்ளுங்கள்

வண்ணக் காகிதம் சுற்றி வந்தால் எல்லோருக்கும் தெரியும். சிக்கல் வருவது பரிசு மாதிரியே இல்லாதவற்றில்.

கிளையன்ட்டுக்காகக் கடைக்குப் போய்வந்து மீதிச் சில்லறை 3 பவுண்டைக் கொடுத்தால், "நீயே வைச்சுக்கோ" என்பார். அது பணப்பரிசு. ரசீதும் சில்லறையும் மேஜையில் வைக்கப்பட்டு, கணக்குத் தாளில் ஏற வேண்டும்.

கிளையன்ட் பணத்தில் டெஸ்கோவில் சாமான் வாங்கும்போது உங்கள் கிளப்கார்டைக் காட்டினால் பாயின்ட் உங்களுக்கு வருகிறது. செயின்ஸ்பரியின் நெக்டார் கார்டும் இப்படித்தான். சில பென்ஸ் தானே என்று தோன்றும். ஆனால் அவருடைய செலவில் நீங்கள் பலன் அடைகிறீர்கள், பெரும்பாலான பாலிசிகள் இதை வெளிப்படையாகவே தடை செய்கின்றன. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வரும் இரண்டாவது பாக்கெட்டும் அவருடையதுதான். அவருக்கு கார்டு இல்லை என்றால் அவர் பெயரில் ஒன்று எடுக்கக் குடும்பத்திடம் சொல்லுங்கள்.

"தூக்கிப் போடத்தான் போறேன், நீ எடுத்துட்டுப் போ" என்று வரும் பழைய டிவி, மேஜை, கோட்டு. கிளையன்ட்டின் மகன் கராஜ் வைத்திருக்கிறார், உங்கள் காரை ஓசியில் பார்த்துத் தருகிறேன் என்கிறார். கிளையன்ட்டின் பழைய காரைப் பாதி விலைக்குக் கேட்கிறீர்கள். கோடையில் அவருடைய கடற்கரை வீட்டில் இரண்டு நாள் தங்கச் சொல்கிறார். இவை எல்லாமே பரிசு, அதிலும் பெரியவை.

எதிர்த்திசையிலும் பாருங்கள். நம்மவர்களிடையே சீட்டுப் பிடிக்கிற பழக்கம் உண்டு. கிளையன்ட்டையோ அவர் மகளையோ சீட்டில் சேர்த்துவிடுவது, கோயில் திருவிழாவுக்கு நன்கொடை ரசீது நீட்டுவது, கலைநிகழ்ச்சி டிக்கெட் விற்பது, பக்கத் தொழிலாகச் செய்யும் புடவையையோ அழகுப் பொருளையோ காட்டுவது எல்லாமே எல்லை மீறல். உங்களை நம்பித்தான் அவர் குளிக்கிறார், சாப்பிடுகிறார். அப்படிப்பட்டவரால் "வேண்டாம்" என்று மனசாரச் சொல்ல முடியாது.

டீ? குடியுங்கள். பாலிசி தடுக்காத வரை ஒரு கப் டீயை யாரும் குற்றம் சொல்லப்போவதில்லை. மறதி நோய் உள்ள பலர் கூட ஒருவர் உட்கார்ந்து குடித்தால்தான் தாங்களும் குடிப்பார்கள். பிரிட்ஜைத் திறந்து நீங்களாக எடுப்பது வேறு விஷயம்.

படி 3: நீட்டிய நேரத்தில் நான்கைந்து நொடி நிதானியுங்கள்

வாங்குவதற்கோ மறுப்பதற்கோ முன்னால் மனசுக்குள் சில கேள்விகள் ஓட வேண்டும். தான் என்ன கொடுக்கிறோம் என்பது அவருக்குப் புரிகிறதா? நாளைக்கு நினைவிருக்குமா? ஏன் இன்றைக்கு: பிறந்தநாளா, கிறிஸ்துமஸா, நீங்கள் வேலையை விட்டுப் போகிறீர்களா, அல்லது நேற்று அவர் கேட்டதை நீங்கள் செய்யவில்லையா? கடைசியாக, இதை அவருடைய மகள் முன்னால் வைத்து வாங்குவீர்களா?

காரணத்தைப் பற்றிய கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வேலை முடிந்து விடைபெறும்போது வரும் வாழ்த்து அட்டையும் பிஸ்கட் டப்பாவும் நன்றி. புது கேரர் வந்த மூன்றாம் நாளே வரும் வாசனைத் திரவியம் பெரும்பாலும் பயம்: 'இவள் என்னைச் சரியாகப் பார்க்காமல் போய்விடுவாளோ, கொஞ்சம் கவனித்து வைப்போம்'. ஊரில் ஆஸ்பத்திரி ஆயாவுக்குக் கையில் ஏதாவது கொடுத்தால்தான் பெட் பேன் வரும் என்று பழகிய நம் பெரியவர்களிடம் இந்தப் பயம் இன்னும் அதிகம். அப்படிப்பட்டவரிடம் வாங்கிக்கொண்டால் அந்தப் பயம் சரிதான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். மேனேஜரிடம் சொல்ல வேண்டிய செய்தியும் அதுதான்: இவர் நல்ல கவனிப்புக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறார், யாராவது போய்ப் பேசுங்கள்.

வாங்கிய பிறகு நடக்கும் மாற்றமும் கண்ணுக்குத் தெரியாது. அரைமணி விசிட் அந்த வீட்டில் மட்டும் நாற்பது நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடம் எங்கிருந்து வருகிறது? ரோட்டாவில் (வேலை அட்டவணையில்) அடுத்ததாக இருக்கும், எதுவும் கொடுக்க முடியாத தாத்தாவின் நேரத்திலிருந்து.

படி 4: மனசு நோகாமல் மறுப்பது

முதல் விதி, காரணத்தை உங்கள் மேல் போட்டுக்கொள்ளுங்கள். "நீங்க கொடுக்கக் கூடாது" என்றால் அவருக்குக் குற்றம் சொன்ன மாதிரி ஆகிவிடும். "வாங்க எனக்கு அனுமதி இல்லை" என்பது போதும். இரண்டாவது, நன்றியை முதலில் சொல்லுங்கள், மறுப்பைப் பிறகு. மூன்றாவது, மாற்று ஒன்றைக் கையில் கொடுங்கள்: "ஆபீஸுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்களேன், எனக்கு அதுதான் பெரிய உதவி."

தமிழ்ப் பெரியவர்கள் விஷயம் தனி. லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் உறையை நீட்டுகிறார். "இந்தா பிள்ளை, பஸ்ஸுக்கு வைச்சுக்கொள்." மறுத்தால், "அம்மா தந்தா வாங்க மாட்டியோ?" இந்தக் கேள்விக்குப் பாலிசி எண் சொல்லிப் பதில் வராது. உறவு முறையிலேயே பதில் சொல்லுங்கள்: "அம்மா, காசு வாங்கினேன்னு தெரிஞ்சா எனக்கு வேலை போயிடும்மா. உங்க பிள்ளைக்கு வேலை போனா உங்களுக்குப் பிடிக்குமா? ஒரு டீ போடுங்க, உட்கார்ந்து குடிச்சிட்டுப் போறேன்." பிறகு உறையை அவர் கண் முன்னாலேயே, அவர் எப்போதும் பணம் வைக்கும் இடத்தில் வையுங்கள். அவர் பார்க்காதபோது சோபா மெத்தைக்கடியில் செருகிவிட்டு வராதீர்கள். நாளைக்கு அந்தப் பணம் காணாமல் போனதாகும், கடைசியாகத் தொட்டது நீங்களாகும்.

அம்மா, அப்பா, அங்கிள் என்று கூப்பிடலாமா என்று புதியவர்கள் கேட்கிறார்கள். அவருக்கு அது பிடித்திருந்தால் கூப்பிடுங்கள், அவரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எழுதியிருக்கும் கேர் பிளானிலும் எழுதச் சொல்லுங்கள். முறை சொல்லிக் கூப்பிடுவதால் நீங்கள் குடும்பத்தில் ஒருவர் ஆகிவிட மாட்டீர்கள். தீபாவளிக்குப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பணத்தில் உங்களுக்கும் ஒரு பங்கு என்று அவர் எண்ணும்போது இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள்.

எவ்வளவு சொல்லியும் கேட்காமல் பொருளைப் பைக்குள் போட்டுவிட்டால் இழுபறி வேண்டாம். "சரிம்மா, ஆபீஸ்ல காட்டிட்டு வைக்கிறேன்" என்று சொல்லி, அப்படியே செய்யுங்கள்.

படி 5: அன்றைக்கே எழுதுங்கள்

வாங்கினாலும் எழுத வேண்டும், மறுத்தாலும் எழுத வேண்டும். மறுத்ததை ஏன் எழுதணும் என்று கேட்கிறவர்கள்தான் பிறகு தவிக்கிறார்கள். நீங்கள் மறுத்த பணத்தை அடுத்த விசிட்டுக்கு வந்தவர் வாங்கியிருக்கலாம். கிளையன்ட்டின் நினைவில் இரண்டு முகமும் ஒன்றாகிவிடும்.

டெய்லி நோட்ஸில் நாலு வரி போதும். அழகு வேண்டாம், தீர்ப்பும் வேண்டாம்:

"மதியம் 1.10. சாப்பாட்டுக்குப் பிறகு கிளையன்ட் 20 பவுண்டு நோட்டு ஒன்றை நன்றியாகக் கொடுத்தார். நன்றி சொல்லி மறுத்தேன். நோட்டை அவரே தன் பர்ஸில் திரும்ப வைத்தார். மகள் அப்போது வீட்டில் இருந்தார். 1.35-க்கு ஆபீஸுக்குப் போன் செய்து கோஆர்டினேட்டரிடம் சொன்னேன்."

இதே விவரத்தை ஆங்கிலத்தில் ஆப்பில் பதியுங்கள். நேரம், பொருள், அவர் சொன்னது, நீங்கள் செய்தது, யார் இருந்தார்கள், யாரிடம் சொன்னீர்கள். நோட்ஸைக் குடும்பத்தாரும் படிக்க முடியும் என்பதால் "ரொம்பக் குழம்பியிருந்தார்" என்ற ஊகமெல்லாம் வேண்டாம். சந்தேகம் இருந்தால் அதை மேனேஜருக்குத் தனியே சொல்லுங்கள். ஏற்றுக்கொண்ட பொருளைப் பரிசுப் பதிவேட்டிலும் ஏற்றச் சொல்லி, ஏற்றியாகிவிட்டது என்று ஈமெயிலில் உறுதி வாங்குங்கள்.

படி 6: பேச்சுக்கே இடமில்லாதவை

பணம், வவுச்சர், நகை, கடன், வங்கி அட்டை. கடன் இரண்டு பக்கமும் கூடாது. சம்பளம் வரும் வரை 50 பவுண்டு கேட்பதும் தப்பு, முன்பணம் போடும் மின்சார மீட்டரில் அவருக்குக் காசு தீர்ந்ததென்று உங்கள் கையிலிருந்து போடுவதும் தப்பு. பின்னதை இரக்கத்தால் செய்கிறீர்கள், ஆனால் மீட்டரில் காசில்லாத வீடு என்பது ஆபீஸுக்கும் உள்ளாட்சியான கவுன்சிலுக்கும் தெரிய வேண்டிய விஷயம்.

2006-ஆம் ஆண்டு மோசடிச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, மற்றவரின் பண நலனைக் காக்க வேண்டிய இடத்தில் இருந்துகொண்டு அந்த இடத்தை நேர்மையற்று பயன்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. அதிகபட்சம் 10 ஆண்டு சிறை. கேரர்கள் மீது வழக்குப் போட இந்தப் பிரிவு பயன்படுகிறது. "அவரே விரும்பித்தான் கொடுத்தார்" என்பது எல்லா நேரத்திலும் காப்பாற்றாது.

உயில் இன்னொரு கண்ணி. "உன் பேரையும் போட்டிருக்கேன்" என்று ஒருவர் சொன்னால் சிரித்துவிட்டு நகராதீர்கள், அன்றைக்கே மேனேஜரிடம் சொல்லுங்கள். உயில் எழுத உதவுவது, வக்கீலைக் கூட்டிவருவது, சாட்சிக் கையெழுத்துப் போடுவது எதுவும் வேண்டாம். இங்கிலாந்தில் இன்றும் நடைமுறையில் இருக்கும் 1837-ஆம் ஆண்டு உயில் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, சாட்சியாகக் கையெழுத்திட்டவருக்கோ அவருடைய கணவனுக்கோ மனைவிக்கோ உயிலில் எழுதியது செல்லாது. உயில் நிற்கும், உங்கள் பங்கு மட்டும் போகும். கையெழுத்துப் போடாமலே பங்கு வந்தாலும், நீங்கள் அவரை வசப்படுத்தினீர்கள் என்று குடும்பம் கோர்ட்டுக்குப் போகலாம்.

படி 7: மறதி நோய் இருந்தால்

காலையில் மோதிரத்தைக் கழற்றி உங்களுக்குத் தந்தவர், சாயங்காலம் அதே மோதிரத்தைத் திருட்டுக் கொடுத்ததாகப் போலீசுக்குப் போன் செய்வார். இரண்டு நேரமும் அவர் பொய் சொல்லவில்லை. 2005-ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம், வேறுவிதமாக நிறுவப்படும் வரை ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் உண்டென்றே கொள்ளச் சொல்கிறது. புத்திசாலித்தனமில்லாத முடிவு என்பதற்காக மட்டும் திறன் இல்லை என்றும் சொல்லக்கூடாது. அதனால் "இவருக்கு ஒன்றும் தெரியாது" என்று நீங்களாகத் தீர்மானிக்கவும் முடியாது, "சுயபுத்தியோடு தந்தார்" என்று வாங்கவும் முடியாது. வாங்காமல் இருப்பதும் தெரிவிப்பதும்தான் உங்கள் வேலை.

பவர் ஆஃப் அட்டர்னி வைத்திருக்கும் மகன், அம்மா கணக்கிலிருந்து உங்களுக்குப் பெரிய தொகை தர முன்வந்தால்? அவருக்கே அந்த அதிகாரம் குறைவு. அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பிறந்தநாள், திருமணம், பண்டிகை போன்ற வழக்கமான சந்தர்ப்பங்களில், அம்மாவுக்கு உறவோ தொடர்போ உள்ளவர்களுக்கு, அவருடைய சொத்துக்குத் தகுந்த நியாயமான பரிசு மட்டுமே தரலாம். அதை மீறினால் கோர்ட் ஆஃப் ப்ரொடெக்ஷன் அனுமதி வேண்டும். கேர் கட்டணத்துக்காக கவுன்சில் சொத்தைக் கணக்கெடுக்கும்போதும் இந்தக் கொடுக்கல் வாங்கல் வெளியே வரும்.

படி 8: நீங்கள் கொடுக்கும்போது

பிறந்தநாள் அட்டை சரி, அதையும் டீம் பெயரில் கொடுத்தால் இன்னும் நல்லது. நீங்கள் ஒரு ஸ்வெட்டர் வாங்கித் தந்தால் அடுத்த வாரம் அவர் திருப்பிச் செய்ய வேண்டிய கடன் அவர் தலையில் ஏறும்.

நம்மிடம் அதிகம் நடப்பது சாப்பாடு. பொங்கலன்று ஒரு டப்பா சர்க்கரைப் பொங்கல், தீபாவளிக்கு அதிரசம், முறுக்கு. கொண்டுபோவதற்கு முன் கேர் பிளானைப் பாருங்கள். விழுங்கும் சிரமம் உள்ளவர்களுக்கு உணவு, பானத்தின் பதத்தை 0 முதல் 7 வரை எண்ணால் குறித்திருப்பார்கள். 4 என்றால் கூழாக அரைத்தது மட்டுமே. அவருக்கு முறுக்கு கொடுத்தால் மூச்சடைத்துப் போகலாம். முந்திரி அலர்ஜி, சர்க்கரை நோய் இதெல்லாம் அதற்குப் பிறகு. அன்பாகச் செய்தது என்பதை விசாரணையில் யாரும் எடைபோட மாட்டார்கள்.

படி 9: கிளையன்ட்டே முதலாளியாக இருந்தால்

கேருக்கு ஆள் வைத்துக்கொள்ள கவுன்சில் தரும் பணமான டைரக்ட் பேமென்ட்டில் ஒருவர் உங்களை நேரடியாக பெர்சனல் அசிஸ்டென்ட்டாக வைத்திருந்தால் கணக்கு மாறும். அவர் தருவது முதலாளி தருவது. 50 பவுண்டுக்கு மிகாத, பணமோ பணமாக மாற்றக்கூடிய வவுச்சரோ அல்லாத, வேலைக்குப் பதிலாகத் தராத, ஒப்பந்தத்தில் இல்லாத பொருளுக்கு வருமான வரித் துறை வரி கேட்பதில்லை. பணமாகத் தந்தால் அது சம்பளம், பே ஸ்லிப்பில் வர வேண்டும். கவுன்சில் பணத்திலிருந்து தருகிறாரா, சொந்தப் பணமா என்பதையும் கேளுங்கள். கேர் பட்ஜெட்டைப் பரிசுக்குச் செலவழிக்க அவருக்கு உரிமையில்லை.

படி 10: ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா?

இன்றைக்கே சொல்லுங்கள். தேதி, பொருள், இப்போது எங்கே இருக்கிறது, ஏன் அப்போது சொல்லவில்லை என்பதை ஈமெயிலில் எழுதுங்கள். பொருளை நீங்களாகத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம், மேனேஜர் வழியாகப் போகட்டும். தானாக வந்து சொன்னவரையும் பிடிபட்டவரையும் விசாரணை ஒரே தட்டில் வைப்பதில்லை.

கம்பெனியின் ஸ்பான்சர்ஷிப்பில் விசா பெற்று இருப்பவர்களின் பயம் எனக்குத் தெரியும். வேலை போனால் விசாவை வழக்கமாக 60 நாளாகச் சுருக்கிவிடுவார்கள், அதற்குள் வேறு ஸ்பான்சர் தேட வேண்டும். அந்தப் பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். ஆனால் கிளையன்ட்டுக்குத் தீங்கு செய்ததற்காக ஒருவரை நீக்கினால், கம்பெனி அதை, இப்படிப்பட்டவர்களைக் கேர் வேலையிலிருந்து தடை செய்யும் அரசு அமைப்பான டிபிஎஸ்ஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தடைப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் எந்த ஸ்பான்சரும் கேர் வேலைக்கு எடுக்க முடியாது. 60 நாளில் சமாளிக்கக்கூடிய சிக்கலை ஆயுள் முழுக்க நீளும் சிக்கலாக ஆக்கிக்கொள்ள வேண்டாம்.

கூட வேலை பார்ப்பவர் வாங்குவது தெரிந்தால்? அவரும் நம்ம ஊர்க்காரர், அதே வீட்டில் வாடகைக்கு இருப்பவர் என்றால் சொல்வது கஷ்டம்தான். முதலில் மேனேஜர். மேனேஜரே அதில் இருந்தால் பெரியவர்களைத் தீங்கிலிருந்து காக்கும் உள்ளூர் கவுன்சிலின் அடல்ட் சேஃப்கார்டிங் டீம், அல்லது கேர் நிறுவனங்களைக் கண்காணிக்கும் கேர் குவாலிட்டி கமிஷன். நியாயமான சந்தேகத்தோடு புகார் சொன்ன ஊழியரைப் பழிவாங்குவதிலிருந்து 1998-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாக்கிறது.

குடும்பத்தார் இதைப் படித்தால்

உங்கள் அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொண்ட கேரருக்கு ஏதாவது செய்ய ஆசையா? உறையைத் திணித்து அவரைச் சிக்கலில் மாட்டாதீர்கள். டீமுக்கே ஒரு பெரிய டின் சாக்லேட் ஆபீஸுக்கு அனுப்புங்கள். அதைவிடப் பயனுள்ளது, கேரரின் பெயரைக் குறிப்பிட்டு, அவர் என்ன செய்தார் என்று ஒரு சம்பவத்தோடு மேனேஜருக்கு எழுதும் ஈமெயில். அது அவருடைய கோப்பில் சேரும், சூப்பர்விஷனில் பேசப்படும், அடுத்த வேலைக்கான இண்டர்வியூவில் அவர் எடுத்துக் காட்டலாம்.